ஓசோன் பட்ட இலை ஏன் சாகிறது? மரபணுக்களின் பக்கமிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "ஓசோன் கடுமையாக ஆக்சிஜனேற்றம் செய்யும் வாயு. இலையில் பட்டால் அந்த இடம் வெந்துபோகிறது. இது வெறும் வேதியியல்தானே, இதில் மரபணுவுக்கு என்ன வேலை? எந்த மரபணுவை மாற்றினாலும் வேகிறது வேகத்தானே செய்யும்?"

கேட்டவர் பாதி சரி. ஆய்வகத்தில் ஓசோனை மிக அதிகமாகக் கொடுத்தால் செல் சவ்வு நேரடியாகவே சிதைந்துவிடும், அங்கே மரபணு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வயல்காற்றில் உண்மையில் இருக்கும் அளவுகளில் கதை வேறு. அங்கே இலையில் தெரியும் புள்ளிகளில் பெரும்பகுதி, செடி தன் செல்களைத் தானே கொன்றதால் வந்தவை. ஓசோன் கொடுப்பது ஒரு தூண்டல் மட்டுமே. அதற்கு என்ன செய்வது, எத்தனை செல்களைச் சாகவிடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் மரபணுக்களின் கையில் இருக்கிறது. அதனால்தான் ஒரே வயலில், ஒரே காற்றில் ஒரு ரகம் புள்ளி புள்ளியாகக் கருகி நிற்க, பக்கத்து ரகம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். மேலே, வளிமண்டலத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோனும் இதுவும் ஒரே மூலக்கூறுதான், இருக்கும் இடம்தான் வேறு. நான் பேசுவது தரைமட்ட ஓசோன். வண்டிப் புகை, அனல்மின் நிலையப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து இது உருவாகிறது. நகரத்தின் நடுவில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுவதால், பல நேரங்களில் நகரத்தைவிடக் காற்று வீசும் திசையில் இருக்கும் கிராமத்து வயல்களில்தான் அளவு கூடுதலாக இருக்கும். அளவைப் பிபிபி என்று சொல்வார்கள், அதாவது நூறு கோடி காற்று மூலக்கூறுகளில் எத்தனை ஓசோன் மூலக்கூறுகள் என்று.

சரி, செடியே செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? நான் முதலில் காட்டுவது எப்போதும் புகையிலையைத்தான். 1950களில் அமெரிக்காவில் சுருட்டுக்கு மேலுறையாகப் போடும் புகையிலைப் பயிரில் திடீர் திடீரென்று வெள்ளைப் புள்ளிகள் வந்தன. பூஞ்சையும் இல்லை, வைரசும் இல்லை. 1959-இல் ஹெகஸ்டாட், மிடில்டன் இருவரும் ஓசோன்தான் காரணம் என்று காட்டினார்கள். மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் தேர்ந்தெடுத்த இரண்டு ரகங்கள் பிறகு உலகம் முழுக்கப் போயின: எளிதில் பாதிக்கப்படும் பெல்-டபிள்யூ3, தாங்கக்கூடிய பெல்-பி. இரண்டுக்கும் ஒரே ஓசோனைச் சில மணி நேரம் கொடுத்து, இலைக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு எவ்வளவு உருவாகிறது என்று 1990களில் ஜெர்மனியில் பார்த்தார்கள். ஓசோன் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டு ரகத்திலும் ஒரு எழுச்சி வந்தது. ஓசோனை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, காற்று சுத்தமான பிறகு, பெல்-டபிள்யூ3-இல் மட்டும் இரண்டாவது எழுச்சி வந்தது. புள்ளிகள் விழுந்ததும் அதில்தான். ஓசோனே இல்லாத நேரத்தில் வரும் அந்த இரண்டாவது பெராக்சைடு எங்கிருந்து வந்திருக்கும்? செடியே தயாரித்தது. இந்த ஒரு சோதனை போதும், "வெறும் வேதியியல்" என்ற எண்ணத்தை விட்டுவிட.

இப்போது ஓசோன் இலைக்குள் நுழையும் வழியிலேயே போவோம்.

இலையின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் ஓசோன் அது வழியாக அதிகம் போகாது. இலைத்துளைதான் வாசல். கரியமில வாயு போகும் அதே வழி என்பதால் அதை முழுக்க அடைத்துவிடவும் முடியாது, அடைத்தால் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். ஓசோன் பட்டதும் சில நிமிடங்களிலேயே துளை சட்டென்று சுருங்கும், பிறகு மெதுவாகத் திறக்கும். இந்தச் சுருங்கலை நடத்தும் மரபணு கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியில்தான் இந்தத் துறையின் பெரும்பாலான வேலை நடக்கிறது. அதில் மரபணுக்களைத் தாறுமாறாகக் கெடுத்துவிட்டு, ஓசோனுக்கு எளிதில் கருகும் செடிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அப்படிக் கிடைத்த ஒன்றில் கெட்டுப்போயிருந்தது ஸ்லாக்1 என்ற மரபணு. துளையைச் சுற்றியுள்ள காப்பு செல்களில் எதிர்மின் அயனிகளை வெளியே விடும் வாயில் புரதம் அது. அயனி வெளியேறினால் நீரும் வெளியேறும், காப்பு செல் தளரும், துளை மூடும். 2008-இல் இது வெளியானது. வேறொரு குழு கரியமில வாயுவுக்குத் துளை மூடாத செடியைத் தேடிப்போய் அதே மரபணுவில்தான் வந்து நின்றது. வறட்சியில் துளையை மூடுவதற்கும் இதுவேதான் வேண்டும். பல பத்தாண்டுகளாகத் தேடப்பட்ட ஒரு வாயிலுக்கு ஓசோன் ஆராய்ச்சியும் வழி காட்டியது. ஓசோனை ஏதோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விஷயம் என்று தாவரவியல்காரர்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

துளைக்குள் நுழைந்த ஓசோன் வெகுதூரம் போவதில்லை. 1989-இல் எஸ்தோனியாவில் லாய்ஸ்க் குழு சூரியகாந்தி இலையில் அளந்து பார்த்தபோது, இலையின் உள்வெளியில் ஓசோன் செறிவு ஏறக்குறைய பூஜ்யம். செல்களுக்கு வெளியே, செல்சுவரை நனைத்துக்கொண்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்திலேயே அது வினைபுரிந்து முடிந்துவிடுகிறது. அந்த நீரில் காவலுக்கு இருப்பது அஸ்கார்பிக் அமிலம், நமக்குத் தெரிந்த வைட்டமின் சி. அது போதாதபோது சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற துடிப்பான ஆக்சிஜன் வடிவங்கள் உருவாகின்றன. 1996-இல் காங்க்ளின் குழு ஓசோனுக்குக் கருகும் ஒரு அரபிடாப்சிஸ் செடியை ஆராய்ந்தபோது, அதில் இயல்பான அளவில் சுமார் 30 சதவீதம் வைட்டமின் சிதான் இருந்தது. செடிகள் வைட்டமின் சியை எந்தப் பாதையில் தயாரிக்கின்றன என்ற பழைய குழப்பத்தைத் தீர்க்கவும் அந்தச் செடியின் மரபணுவே உதவியது. புகையிலையில் இன்னொரு சோதனை: பயன்பட்டுப்போன வைட்டமின் சியை மீட்டெடுக்கும் நொதியின் மரபணுவைக் கூடுதலாக வேலை செய்ய வைத்தார்கள். அந்தச் செடியில் இலைத்துளைகள் இன்னும் அதிகமாகத் திறந்திருந்தன, அதாவது ஓசோன் கூடுதலாகவே உள்ளே போயிருக்கும், ஆனாலும் பாதிப்பு குறைந்தது. வாசலை மூடுவதைவிட உள்ளே காவலைப் பலப்படுத்துவது நல்லது என்று இதை வைத்துச் சொல்லலாம். கொஞ்சம் கவனமாகத்தான் சொல்ல வேண்டும், எல்லாப் பயிரிலும் இது இப்படியே நடந்துவிடாது.

அடுத்ததுதான் கேள்வியின் நேரடியான பகுதி. செல்லுக்கு வெளியே நடந்த ஒரு வினை, செல்லுக்குள், உட்கருவில் இருக்கும் மரபணுவுக்கு எப்படித் தெரிகிறது?

செல்லுக்குள் கால்சியம் ஏறும். ஓசோன் பட்ட அரபிடாப்சிஸில் கால்சியம் இரண்டு முறை எழுவதை 1999-இல் காட்டினார்கள். முதலில் சட்டென்று ஒன்று, பிறகு மெதுவாக இன்னொன்று. இரண்டாவதை மட்டும் ஒரு வேதிப்பொருளால் தடுத்தால், நச்சு நீக்கும் குளூட்டாதையோன் நொதி ஒன்றின் மரபணு விழிப்பதே இல்லை. அதாவது கால்சியம் ஏறுகிறதா என்பதோடு, எப்போது, எந்த வடிவில் ஏறுகிறது என்பதையும் மரபணு படிக்கிறது. இதோடு எம்பிகே3, எம்பிகே6 என்ற கைனேஸ் புரதங்கள் நிமிடக் கணக்கில் விழித்துக்கொள்கின்றன. ஒரு கைனேஸ் இன்னொன்றின் மேல் பாஸ்பேட்டை ஏற்றித் தகவலைக் கடத்திக்கொண்டே போகும். கடைசியில் உட்கருவில் பல ஆயிரம் மரபணுக்களின் வேலை மாறுகிறது. நோய் எதிர்ப்புப் புரதங்கள், பீனால் சேர்மங்களைத் தயாரிக்கும் நொதிகள், நச்சு நீக்கிகள், எத்திலீன் தயாரிப்பு எல்லாம் ஏறும். ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள், முக்கியமாகக் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோவின் சின்னத் துண்டுக்கானது, இறங்கும்.

இந்தப் பட்டியலைத் தாவர நோயியல் படித்தவரிடம் காட்டினால், "இது ஏதோ பாக்டீரியா தாக்கிய செடி" என்றுதான் சொல்வார். அங்கேதான் விடை இருக்கிறது. நோய்க்கிருமி வந்ததும் செடி செல்லுக்கு வெளியே பெராக்சைடைக் கொட்டும், சுற்றியுள்ள தன் செல்களைக் கொன்று கிருமியை அங்கேயே சிறைவைக்கும். காட்டுத்தீ பரவாமல் இருக்க முன்னாலேயே ஒரு பட்டையை எரித்துவிடுவார்களே, அந்த மாதிரி. ஓசோன் வினைபுரிவதும் அதே இடத்தில், செல்சுவர் நீரில். அதிலிருந்து வருவதும் அதே பெராக்சைடு. செடியால் வித்தியாசம் காண முடிவதில்லை. கிருமி இல்லாத இடத்தில் கிருமிக்கான போரைத் தொடங்கிவிடுகிறது. தன் சவ்விலுள்ள என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் நொதிகளை இயக்கி மேலும் சூப்பர்ஆக்சைடைச் சுரக்கிறது. புகையிலையில் பார்த்த அந்த இரண்டாவது எழுச்சி இதுதான்.

போர் தொடங்கிவிட்டது, எங்கே நிற்கும்? இங்கே மூன்று ஹார்மோன்கள் வருகின்றன. செல்லின் மரணம் தொடங்குவதற்குச் சாலிசிலிக் அமிலம் வேண்டும். எத்திலீன் அதை அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் பரப்பும். ஜாஸ்மோனிக் அமிலம் பரவலைத் தடுத்து நிறுத்தும். எத்திலீனின் பங்கு 1987-லேயே தெரிந்தது: எத்திலீன் உற்பத்தியைத் தடுத்த பட்டாணி நாற்றுகளில் ஓசோன் பாதிப்பு குறைந்தது. ஆனால் படம் முழுசாகத் தெளிவானது 2000-இல், ஹெல்சிங்கியில் காங்கஸ்யார்வி குழு ஆர்சிடி1 என்ற மரபணு கெட்ட செடியை விவரித்தபோது. அந்தச் செடிக்குச் சிறிது நேரம் ஓசோன் கொடுத்து நிறுத்தினால், சாதாரணச் செடியில் புள்ளியோடு நிற்கும் இடத்தில், இதில் சாவு பரவிக்கொண்டே போகிறது. எத்திலீன் உணர்வை நீக்கினால் பரவல் அடங்குகிறது, ஜாஸ்மோனிக் அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தாலும் நிற்கிறது.

ஆர்சிடி1 புரதம் உட்கருவில் இருந்துகொண்டு, மரபணுக்களை இயக்கும் பல வேறு புரதங்களைப் பிடித்து வைக்கிறது. ஒரே மரபணு இத்தனை பேரோடு கூட்டு வைத்திருப்பதால் அதன் விளைவுகளும் விசித்திரமாக இருக்கின்றன. ஓசோனுக்கு இவ்வளவு எளிதில் கருகும் அதே செடி, பாராகுவாட் களைக்கொல்லியைச் சாதாரணச் செடியைவிட நன்றாகத் தாங்குகிறது! பாராகுவாட்டும் சூப்பர்ஆக்சைடைத்தான் உண்டாக்குகிறது, ஆனால் பசுங்கணிகத்துக்குள். ஓசோன் உண்டாக்குவது செல்லுக்கு வெளியே. "ஆக்சிஜனேற்ற அழுத்தம்" என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டும் கட்டுரைகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். எந்த மூலக்கூறு என்பதைப் போலவே, அது எந்த அறையில் உருவானது என்பதும் முக்கியம். செல் அதைப் பிரித்தறிகிறது.

மூன்று ஹார்மோன்களே எல்லாவற்றையும் நடத்துகின்றன என்றும் நினைத்துவிட வேண்டாம். மூன்றின் பாதைகளையும் ஒரே செடியில் உடைத்து 2015-இல் பார்த்தார்கள். ஓசோனுக்கு மாறும் மரபணுக்களில் பெரும்பகுதி அப்போதும் மாறத்தான் செய்தது. ஹார்மோன்கள் அளவைக் கூட்டிக் குறைக்கின்றன. முதல் தகவல் வேறு வழியிலும் போகிறது. பெராக்சைடை, அல்லது அதனால் மாறிய ஏதோ ஒரு புரதத்தை, செல்லின் வெளிப்புறத்தில் முதலில் உணரும் ஏற்பி எது என்பது இந்தத் துறையின் பெரிய கேள்விகளில் ஒன்று.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் அதிக ஓசோன் கொடுக்கும் சோதனைகள். அரபிடாப்சிஸில் 350 பிபிபி போன்ற அளவைச் சில மணி நேரம் கொடுப்பது வழக்கம். எந்த வயலிலும் அவ்வளவு இருக்காது. வயலில் நடப்பது 50, 60, மோசமான பிற்பகல்களில் 100 பிபிபி, அதுவும் பயிர்க்காலம் முழுக்க. அங்கே புள்ளியே தெரியாமல் போகலாம், ஆனால் இலை சீக்கிரம் முதுமையடையும். முதுமை மரபணுக்களில் சில முன்கூட்டியே விழிக்கின்றன, எல்லாம் அல்ல, ஆகவே இது இயற்கை முதுமையின் நேர் நகலும் இல்லை. ரூபிஸ்கோ குறைகிறது, மணி பால்பிடிக்கும் காலத்தில் கொடியிலை (கதிருக்கு நேர் கீழே உள்ள கடைசி இலை) சர்க்கரை அனுப்ப வேண்டிய நாட்கள் சுருங்குகின்றன. விளைச்சல் இழப்பு பெரும்பாலும் இந்த அமைதியான வழியில்தான் வருகிறது. ஆகவே ஓசோன் மரபணு ஆய்வு எதைப் படித்தாலும், முதலில் எத்தனை பிபிபி, எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் மரபணுப் பட்டியலைப் பயிருக்குப் பொருத்தினால் தவறான முடிவுதான் வரும்.

பயிர் என்றால் நமக்கு நெல். இங்கே நடந்த வேலையை அதிகம் பேர் கவனிக்கவில்லை என்பது எனக்கு வருத்தம். ஜப்பானின் நிப்பொன்பாரே ரகத்தையும், இந்தியத் துணைக்கண்டத்தின் ஆஸ் வகையைச் சேர்ந்த கசலத் ரகத்தையும் சேர்த்த வழித்தோன்றல்களில் ஓசோன் தாங்கும் தன்மையைத் தேடி, 2008-இல் ஃப்ரை, தனகா, விசுவா மூவரும் பல குரோமோசோம் பகுதிகளைக் குறித்தார்கள். கவனியுங்கள், பல பகுதிகள். இலைப் புள்ளிகளுக்கு ஒன்றிரண்டு, செடி எடைக்கு வேறொன்று. பிறகு அந்தப் பகுதிகளில் ஒன்றிலிருந்து, 2015-இல் ஓராப்1 என்ற மரபணுவை எடுத்தார்கள். அதன் புரதம் செல்லுக்கு வெளியே இருக்கிறது, வைட்டமின் சியை ஆக்சிஜனேற்றும் நொதியின் சாயல் அதற்கு உண்டு, செல் சாவைக் கூட்டுகிறது. அது வேலை செய்யாத நெல்லில் புள்ளிகள் குறைந்தன. அரபிடாப்சிஸில் பார்த்த அதே செல்சுவர் நீர், அதே இடத்துச் சண்டை.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான நெல் சோதனை என்று நான் நினைப்பது சசானிஷிகி, ஹபடாகி என்ற இரண்டு நெல் ரகங்களை ஒப்பிட்டது. சசானிஷிகியில் ஓசோனால் இலை நன்றாகப் புள்ளி விழுகிறது, விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை. ஹபடாகியில் இலை பார்க்க நன்றாக இருக்கிறது, விளைச்சல் இறங்குகிறது! காரணத்தைத் தேடியபோது, கதிரின் முதன்மைக் கிளைகள் குறைந்திருந்தன, அது ஏபிஓ1 என்ற மரபணுவோடு பொருந்தி வந்தது. ஏபிஓ1 கதிரின் அமைப்பைத் தீர்மானிக்கும் மரபணு. இலையில் நடக்கும் பெராக்சைடு போருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இலையைப் பார்த்துத் தாங்கும் ரகம் என்று ஹபடாகியைத் தேர்ந்தெடுத்திருந்தால், அறுவடையில் ஏமாந்திருப்போம். ஒருவிதத்தில் யோசித்தால் புள்ளி விழுவதேகூடச் செடிக்குப் பெரிய இழப்பாக இருக்கத் தேவையில்லை, சில செல்களைக் கொடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றிக்கொள்கிறது.

கோதுமையில் வேறொரு சிக்கல். புதிய ரகங்கள் பலவற்றில் பழையவற்றைவிட ஓசோன் பாதிப்பு அதிகம். அதிக விளைச்சலுக்காகத் தேர்வு செய்தபோது, நம்மை அறியாமலே இலைத்துளைகள் நன்றாகத் திறக்கும் செடிகளைத் தேர்வு செய்துவிட்டோம் என்பது இதற்கான முக்கிய விளக்கம். கரியமில வாயு நிறைய வரட்டும் என்று திறந்த வாசலில் ஓசோனும் வருகிறது. வட இந்தியாவில் கோதுமை பால்பிடிக்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வெயிலோடு ஓசோனும் ஏறத் தொடங்கும். 2005-ஆம் ஆண்டுக்கான ஒரு கணிப்பில், இந்தியாவில் ஓசோனால் இழந்த கோதுமை சுமார் 35 லட்சம் டன், நெல் சுமார் 21 லட்சம் டன். 2014-இல் வெளியான அந்த ஆய்வு, இது 9.4 கோடிப் பேருக்கு உணவாகக்கூடிய அளவு என்றது. மாதிரிகளை வைத்துப் போட்ட கணக்குதான், அதிலும் நம் ரகங்களின் மரபணு வேறுபாடுகள் முழுதாக உள்ளே வரவில்லை. அப்படியிருந்தும் சிறிய எண் இல்லை.

ஆகவே "எந்த மரபணுவை மாற்றினால் தீரும்?" என்று அடுத்து கேட்டால், ஒற்றை மரபணுவை என்னால் காட்ட முடியாது. துளையை இறுக்கினால் விளைச்சல் போகும். சாலிசிலிக் பாதையை அடக்கினால் புள்ளி குறையலாம், ஆனால் அடுத்த குலைநோய்க்குச் செடி தாங்காது, ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே ஆயுதக் கிடங்கு. என் கணக்கில் நம்பிக்கைக்குரியவை இரண்டு: செல்சுவர் நீரில் வைட்டமின் சியை மீட்டுக்கொண்டே இருக்கும் திறன், சாவு தொடங்கினால் அதைச் சீக்கிரம் நிறுத்தும் திறன். இரண்டிலும் ரகங்களுக்குள் இயற்கையான வேறுபாடு இருக்கிறது, அதனால் மரபணு மாற்றம் இல்லாமல் ரகங்களைக் கலந்து செய்யும் சாதாரண இனப்பெருக்கத்திலேயே முயலலாம். சோதனையை மட்டும் சரியாக வைக்க வேண்டும்: கூரையில்லாத கூண்டுகளில், ஒரு பக்கம் வடிகட்டிய காற்று, மறுபக்கம் அந்த ஊரின் காற்றே, விதைப்பிலிருந்து அறுவடை வரை. இலைப் புள்ளிகளுக்கு மதிப்பெண் போடுங்கள், தவறில்லை, ஆனால் எந்த ரகத்தை வைத்துக்கொள்வது என்ற முடிவைக் கதிர்க் கிளைகளின் எண்ணிக்கையையும் மணியின் எடையையும் பார்த்த பிறகு எடுங்கள்.